இரண்டு பேருக்கு ஒரு ஜோடி

அத்தியாயம் 17

ஐந்து வாரமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் களைப்பு. விழுந்தவளுக்குக் களைப்பு. விழுந்தவளைப் பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு அதைவிடக் களைப்பு. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மனிதர்தான் அதிகமாகப் பெருமூச்சு விட்டார். அது அவர் வழக்கம், நமக்குத் தெரியாததா?

இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவளுடைய வேலை. பையை முதுகில் மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால் பத்து மணிக்குள் இருபது வீடு. அவள் போகிற தெருக்களில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், மணலில் சறுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. வலது உள்ளங்கையில் தோல் மொத்தமும் போனது.

"கிளவுஸ் போட்டிருந்தியா இல்லையா?" என்று மருத்துவமனையில் வைத்தே கணவர் கேட்டார்.

"போன் வந்துச்சு, கழட்டினேன். திரும்பப் போட மறந்துட்டேன்" என்றாள்.

பொய். போட்டிருந்தாள். மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டியும் இருந்தாள். கை தரையில் ஊன்றியதுமே கையுறை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. மிச்ச தூரத்தை வெறும் கை தேய்த்துக்கொண்டு போனது.

ஏன் உருவியது என்றால், அது அவள் அளவே இல்லை. அந்த வீட்டில் எதையும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வாங்குவதுதான் கணவரின் கொள்கை. காலையில் வண்டி அவளுக்கு, மாலையில் அவருக்கு. ஆகவே ஒரு மழைக்கோட்டு, ஒரு குளிர்க் கண்ணாடி, ஒரு ஜோடி கையுறை. பல் தேய்க்கிற பிரஷ் எப்படியோ தப்பித்தது. 'பெரிசா இருந்தா ரெண்டு பேரும் போடலாம், சின்னதா இருந்தா ஒருத்தர்தான் போட முடியும்' என்பது அவருடைய கணக்கு. கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

இப்போது நாளைக்கு வருவோம். நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்குத் திரும்பவேண்டும். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேற்பார்வை மேடம் கறாராகச் சொல்லிவிட்டாள். நாளைக்கு வந்தால் பழைய ரவுண்டு அவளுக்கு. வராவிட்டால் அந்தத் தெருக்கள் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு. இவள் கவுன்டரில் உட்கார்ந்து ரசீது எழுதலாம், ஆயுசுக்கும்.

அவளுக்கு அந்த ரவுண்டு வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இது போதுமானது என்று அவளுக்குத் தோன்றியது.

*

இன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவளே தலை பின்னிக்கொண்டாள். ஐந்து வாரத்தில் முதல் முறை. பின்னல் கோணலாக வந்தது.

"கழட்டு, நான் பின்னி விடறேன்" என்றாள் நாத்தனார், ரொட்டியைத் தட்டில் வைத்தபடி.

"வேண்டாம் அண்ணி. நாளைலேர்ந்து யார் பின்னுவாங்க?"

"அதுவும் சரிதான். நான் இன்னிக்கே பெட்டியைக் கட்டறேன். ரெண்டு நாளைக்குன்னு வந்தேன். ஆபீஸ்ல என் மேசையை ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்களாம்."

நாத்தனாருக்குத் தபால் பிரிக்கிற அலுவலகத்தில் வேலை. எந்தத் தெருவும் அவளுக்கு எண்ணாகத்தான் தெரியும். தம்பி குடும்பத்தையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தாள்: இது வேலைக்காகும், இது ஆகாது.

"உன் கைக்கு என்ன? பிடிக்க முடியுதா?"

அவள் விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் புதுத் தோல் வெளிறி, மினுமினுவென்று இருந்தது. மடக்கினால் இழுத்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் தாங்கலாம்.

"உன் வீட்டுக்காரன் விடிஞ்சதும் பால்கனில நின்னு யாருக்கோ போன் பேசினான்" என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "கதவைச் சாத்திட்டு. உள்ள வந்தப்ப முழியே சரியில்ல. சின்ன வயசுல எதையாவது உடைச்சுட்டு வந்தா இப்படித்தான் நிப்பான்."

"எங்கயாவது லிஃப்ட் நின்னிருக்கும் அண்ணி. வேற யார் அவருக்குப் போன் பண்ணுவாங்க?"

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. அவளுக்கு யோசிக்க வேறு விஷயம் இருந்தது. அந்தத் திருப்பம். அதைத் தாண்டாமல் நிலையத்துக்குப் போகவே முடியாது. விழுந்த நாளிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

"மூணு மணிக்குக் கிளம்பணும்" என்று குளியலறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. "நல்ல கிளவுஸா வாங்கித் தரேன். இந்தத் தடவையாவது கழட்டாம ஓட்டு. போனாம் போன்!"

ஐந்து வாரமாக இதே பாட்டு. அவள் ரொட்டியை மென்றாள்.

*

கடை குறுகலானது. மேசையின் ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக் கம்பியை அப்படியே போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். பிரேக், கிளச், ஹாரன் பொத்தான் எல்லாம் இருந்தன. ஹாரன் மட்டும் கத்தாது. கடைக்காரர் பருத்த மனிதர். எழுந்திருப்பதைத் தவிர்ப்பதற்காகவே எல்லாப் பொருளையும் கைக்கெட்டுகிற தூரத்தில் அடுக்கியிருந்தார்.

கணவர் பழைய கையுறையை மேசைமேல் போட்டார். விழுந்த அன்று யாரோ ஒரு புண்ணியவான் பொறுக்கி வந்து கொடுத்தது. அன்றிலிருந்து வண்டிப் பெட்டியிலேயே கிடந்தது.

"இதே சைஸ். நல்ல தரமா ஒரு ஜோடி."

"யாருக்கு?"

"எங்க ரெண்டு பேருக்கும்."

கடைக்காரர் முதலில் அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு இருவரின் கைகளையும் பார்த்தார்.

"மூக்குக் கண்ணாடியும் இப்படித்தான் வாங்குவீங்களா சார்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வாரத்தில் அதுவும் முதல் முறை. கணவருக்கு வரவில்லை.

கடைக்காரர் நாடாவை எடுத்தார். கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளுக்கு மேலாக அவள் கையைச் சுற்றி அளந்தார். கணவருடையதையும் அளந்தார். இரண்டு அளவு வித்தியாசம். நாடாவைக் கணவர் பக்கம் திருப்பி ஒருமுறை காட்டிவிட்டுச் சுருட்டி வைத்தார்.

"முதல்ல உங்களுக்கு மட்டும் பார்ப்போம்மா. போட்டுட்டுக் கம்பியைப் பிடிங்க. நின்னுட்டு கையை விரிச்சுப் பார்த்து எல்லாரும் அழகா இருக்குங்கறாங்க. விரிச்ச கையோட யாராவது வண்டி ஓட்டறாங்களா?"

முதல் ஜோடியில் விரல் நுனியில் துணி மிச்சம் இருந்தது. பிரேக்கைப் பிடித்தபோது அந்த மிச்சம் கம்பிக்கும் கைக்கும் நடுவில் மடிந்துகொண்டது. "வேண்டாம், அவசரத்துல மாட்டும்" என்று அவரே கழற்றி வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது மெத்தை மாதிரி இருந்தது. கணவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "எப்படி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"கண்ணை மூடிக்கிட்டு ஹாரனை அமுக்குங்கம்மா" என்றார் கடைக்காரர்.

அவள் கட்டை விரலால் தடவினாள். ஹாரனுக்குப் பதிலாக இண்டிகேட்டரில் போய் நின்றது.

"பார்த்தீங்களா? விழுந்தா ஒண்ணும் ஆகாதுதான். ஆனா இதைப் போட்டாலே விழுந்துடுவாங்க."

மூன்றாவதில் உள்தையல் சரியாகப் புதுத் தோலின்மேல் உட்கார்ந்து அறுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'பரவாயில்ல' என்றாள். ரத்தம் எடுக்கும்போது 'வலிக்குதா' என்று கேட்டால் நோயாளிகள் சொல்லுகிற அதே பரவாயில்லை. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், கையுறையைக் கழற்றச் சொன்னார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப விழுந்தீங்க?"

"ஐஞ்சு வாரம்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முனகிக்கொண்டே எழுந்தார். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

நான்காவது ஜோடி தோலால் ஆனது. உள்ளங்கையில் இரட்டை அடுக்கு. தையலெல்லாம் வெளிப்பக்கம். உள்ளங்கையின் அடிமேட்டில், மணிக்கட்டை ஒட்டி, வழவழப்பான கெட்டிப் பட்டை ஒன்று.

"இது எதுக்கு?" என்றாள்.

"விழுந்தா கை தரையைப் பிடிச்சுக்கக் கூடாதும்மா. வழுக்கிட்டுப் போகணும். பிடிச்சா மணிக்கட்டு போயிடும். இப்பக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், போட்டுப் பழகினா தோல் தளரும். ஆனா விரல் மரத்துப் போகக் கூடாது. மரத்துச்சா?"

அவள் முஷ்டி பிடித்தாள், விரித்தாள், மறுபடி பிடித்தாள். கம்பியைப் பற்றினாள். பிரேக்குக்கு இரண்டு விரல் தானாகப் போயிற்று. ஹாரன் கிடைத்தது. விரல் இடுக்குகளில் காற்று இல்லை. தன் கைக்கென்றே செய்தது போன்ற ஒரு பொருளை அவள் இத்தனை வயதில் அன்றுதான் போட்டுப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இதற்கெல்லாமா சந்தோஷப்படுவது என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"கடைசியா ஒண்ணு" என்றார் கடைக்காரர். பட்டையை ஒட்டச் சொல்லிவிட்டு, அவள் விரல் நுனிகளைப் பிடித்துப் பலமாக இழுத்தார். அவளே மேசைமேல் சாய்ந்தாள். கையுறை வரவில்லை.

"இப்ப உங்க பழசைப் போடுங்க."

அவள் தயங்கினாள். "வேண்டாங்க. இதையே எடுத்துக்கறோம்."

"போடேன், அவர்தான் சொல்றாரே" என்றார் கணவர்.

போட்டாள். பட்டையை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து ஒட்டினாள். கடைக்காரர் இரண்டே விரலால் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒட்டிய பட்டை ஒட்டியபடியே இருக்க, கையுறை முழுசாக அவர் கைக்கு வந்துவிட்டது.

"இவ்வளவுதான் சார் இதுக்கு மரியாதை" என்று அதைக் கணவரிடம் நீட்டினார். "போட்டிருந்தாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

கணவர் வாங்கினார். கையுறையை இரண்டு தரம் திருப்பினார். பிறகு அவர் கை நின்றது.

அவர் தொழில் அப்படி. கம்பிவடம் எங்கே உராய்ந்தது, சக்கரம் எந்தப் பக்கம் தேய்ந்தது, அப்போது கதவு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஐந்து வாரமாகப் பெட்டியில் கிடந்ததை ஒரு நாளும் அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மணிக்கட்டு விளிம்பில் ஆரம்பித்த ஒரு கீறல், பட்டையின்மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, ஒரே கோடாகப் போயிருந்தது. பட்டை திறந்து கிடந்திருந்தால் அந்தக் கோடு அப்படி விழாது. மூடி இருந்தால்தான் விழும். கழற்றிப் பையில் வைத்திருந்த கையுறைக்குக் கீறலே விழாது.

அவர் புது ஜோடியைப் பொட்டலம் கட்டச் சொன்னார்.

"வேண்டாம், போட்டுக்கிட்டே வரேன்" என்றாள் அவள்.

*

வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கணவர் சாவியை எடுத்தார். வண்டியில் போடவில்லை.

"நீ போட்டிருந்த" என்றார்.

அவள் புதுக் கையுறையின் பட்டையை ஒட்டினாள், பிரித்தாள்.

"ஆமா."

"அன்னிக்குப் போன் எதுவும் வரலை."

"வரலை."

"ஐஞ்சு வாரமா நான் உன்னைத் திட்டிட்டே இருந்தேன்."

"கேட்டுட்டுதானே இருந்தேன்."

அவர் ஒரு கல்லை மிதித்து உருட்டினார். கண் கலங்கியிருந்தது. "நான் வாங்கினதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா நான் மனசு உடைஞ்சுடுவேன்னு மறைச்ச. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைய பொழுது சுகமாகப் போயிருக்கும். அவளுக்கு இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை.

"இல்லைங்க. அவ்வளவு நல்லவ இல்ல நான்."

"பின்ன?"

"நான் மறந்துட்டேன்னு சொன்னா நீங்க திட்டுவீங்க. திட்டிட்டு விட்டுடுவீங்க. சரியாப் போட்டும் கை போச்சுன்னு சொன்னா பயந்துடுவீங்க. வண்டியே வேண்டாம்பீங்க. உங்க கோவத்தை நான் சமாளிச்சுடுவேன். பயத்தை முடியாது. எனக்கு என் ரவுண்டு வேணும். அதுக்காகச் சொன்ன பொய்."

கணவர் சாவியைக் கைக்குக் கை மாற்றினார். பக்கத்தில் யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"விடலை" என்றார் கடைசியில்.

"என்னது?"

"திட்டிட்டு விடலை. காலைல உங்க மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன். இவளுக்குக் கவனம் பத்தாது, போன் வந்தா கிளவுஸைக் கழட்டிடறா, ரவுண்டு வேண்டாம், கவுன்டர்லயே போடுங்கன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நல்ல வேளை சொன்னீங்கன்னாங்க."

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டு வாங்கிய திட்டெல்லாம் எதற்கு? கவனமில்லாதவள் என்று அவளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் நம்பினார். நம்பி, போய்ச் சொல்லிவிட்டார். யாரைக் குறை சொல்வது?

அதற்குப் பிறகு கோபம் வந்தது. நல்லவேளையாக வந்தது.

"மணி என்ன?"

"நாலு இருபது."

"அஞ்சு மணிக்கு மேடம் கிளம்பிடுவாங்க. சாவியைக் குடுங்க."

"நீ இன்னும் ஓட்டவே... சரி, நான் ஓட்டறேன், நீ பின்னாடி உட்காரு. நானே வந்து பேசறேன்."

"நீங்க பேசினது போதும்."

"நானும் வரேனே."

"பஸ்ல வாங்க" என்று அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

*

திருப்பம் வந்தது. மணல் இன்னும் அங்கேதான் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒருவரும் கூட்டவில்லை.

நூறு அடிக்கு முன்பே கையுறைப் பட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உட்கார்ந்திருப்பது தன் உடம்புதானா என்று சந்தேகமாக இருந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. வேகத்தைக் குறைத்தாள். இரண்டு விரல் பிரேக்கின்மேல் இருந்தது. அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது. கையுறைக்குள் கை நகரவில்லை. மணலுக்கு வெளியே, நடுச் சாலையில், ஆள் நடக்கிற வேகத்தில் திரும்பினாள். வேன்காரன் ஏதோ திட்டிக்கொண்டே கடந்து போனான். திட்டட்டும் என்று நினைத்தாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பெண் மேசையருகே நின்று, ரவுண்டுப் பையில் ஊசிகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா" என்றாள் மேடம். "உன் வீட்டுக்காரர் பேசினார். கவுன்டருக்கு மாத்தி எழுதிட்டேன்."

"அவர் சொன்னது நிஜம் இல்ல மேடம். நான் கிளவுஸைக் கழட்டவே இல்ல. பெருசா இருந்துச்சு, உருவிக்கிச்சு. நான்தான் அவர்கிட்ட பொய் சொன்னேன்."

"அவர்கிட்ட பொய். என்கிட்ட மட்டும் நிஜமா?"

நியாயமான கேள்விதான்.

"என்னைப் பாரு" என்றாள் மேடம், சற்றே இறங்கிய குரலில். "வண்டி ஓட்டிட்டு வந்துட்ட, சரி. வண்டி ஓட்டறதுக்கா சம்பளம் குடுக்கறேன்? வெறும் வயித்தோட ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரு. உன் கை நடுங்கினா அவருக்கு நாலு குத்து. நடுங்குமா, நடுங்காதா?"

அவள் கையுறைகளைக் கழற்றினாள். வலது கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. புதுத் தோல் சிவந்து போயிருந்தது. இருபது நிமிஷம் பிடித்த பிடி அப்படி. மேடம் பார்த்தாள். புதுப் பெண்ணும் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மேடம் கைப்பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், மேடத்துக்கு நரம்பு சுலபத்தில் அகப்படாது. வருஷாந்திரப் பரிசோதனையில் மூன்று பேர் முயன்று தோற்றிருக்கிறார்கள்.

"எடு" என்றாள். "ஒரே குத்து. கிடைச்சா காலைல ஆறு மணிக்கு வா."

அவள் கையைக் கழுவித் துடைத்தாள். மேடத்தின் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். வாசலில் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. படியில் கணவரின் செருப்புச் சத்தமும் கேட்டது. அவள் திரும்பவில்லை. வலது கையில் ஊசியை எடுத்துக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலை மேடத்தின் முழங்கை மடிப்பில் வைத்து, மெல்ல அழுத்தித் தேடத் தொடங்கினாள்.